ரெட்டைப்பிள்ளைக்காரி சொன்ன சாங்கியங்கள்

ஒரே பிரசவத்தில் இரண்டு குழந்தை பெற்றவளுக்கு நம் ஊரில் சம்பளமில்லாத ஓர் உத்தியோகம் காத்திருக்கிறது. சுளுக்கு வழிப்பது. ரெட்டைப்பிள்ளை பெற்ற கை நல்லெண்ணெய் தொட்டு நீவிவிட்டால் எந்தச் சுளுக்கும் ஓடிவிடும் என்று நம்பிக்கை. படிப்பு வேண்டாம், முன் அனுபவம் வேண்டாம், விருப்பம் கூட வேண்டாம். ராஜினாமா செய்யவும் வழியில்லை.

பருத்திப்பட்டில் எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருந்த ஆன்ட்டிக்கு அந்த உத்தியோகம் ஹரிணியும் ஹரிஷும் பிறந்த அன்றே கிடைத்துவிட்டது. பிரசவ வார்டில் பக்கத்துக் கட்டில்காரியின் மாமியார் கழுத்தைச் சாய்த்தபடி வந்து நின்றாராம். "எனுக்கு தையலு கூட காயல. அந்தம்மா கய்த்த நீட்டிகினு நிக்குது" என்று ஆன்ட்டி சொல்வார்.

வேடிக்கை என்னவென்றால், ஆன்ட்டிக்கு இந்த விஷயத்தில் துளி நம்பிக்கை கிடையாது. அவர் அம்பத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். பகலெல்லாம் அடுத்தவர் எலும்பைப் பார்த்துவிட்டு, மின்சார ரயிலில் நசுங்கி ஆவடியில் இறங்கி வீட்டுக்கு வந்தால், வாசலில் யாராவது நொண்டிக்கொண்டு நிற்பார்கள். எங்கள் பகுதியில் விளையாட்டுப் பைத்தியங்கள் அதிகம். கபடி, வாலிபால், கிரிக்கெட் என்று மாலையானால் ஒரு கும்பல் மைதானத்துக்குப் போகும், அதில் பாதி மூன்றாவது மாடிக்கு வரும்.

அவர் யாரையும் நீவிவிட்டதில்லை. யாரையும் திருப்பி அனுப்பியதும் இல்லை. சாங்கியம் சொல்வார். அத்தனையும் அந்த நிமிடத்தில், நின்ற இடத்தில், அவரே கட்டியது.

எனக்கு முதல் முறை கணுக்கால் பிசகியபோது நான் எட்டாம் வகுப்பு. கபடியில் நான் கார்னர். பாடிக்கொண்டு வருகிறவளின் கணுக்காலைக் கவ்விப் பிடிப்பது என் வேலை. அன்று நான் பிடித்தது அவள் காலை, பிசகியது என் கால். கோச் அண்ணன் ஓடி வந்து பார்த்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் ஷிப்ட் முடித்துவிட்டு எங்களுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுப்பவர், தங்கமான மனிதர். ஆனால் அடிபட்டால் அவரிடம் இருந்தது ஒரே மருந்து.

"வலி மன்சுலதாம்மா கீது. மண்ண அள்ளித் தேச்சிகினு எய்ந்து ஓடு."

தேய்த்தேன். எழுந்தேன். ஓடவில்லை, விழுந்தேன்.

அம்மா ஒரு கையில் என்னையும் இன்னொரு கையில் நல்லெண்ணெய்க் கிண்ணத்தையும் பிடித்துக்கொண்டு மூன்றாவது மாடி ஏறினார். நாங்கள் கும்பகோணம் பக்கத்திலிருந்து அப்பாவின் ஐ.டி. வேலைக்காக இங்கே வந்தவர்கள். ஊர் மாறியதால் அம்மாவுக்குப் பால்காரரும் பூக்காரரும் மாறினார்கள், சுளுக்குக்கு ரெட்டைப்பிள்ளைக்காரி என்பது மட்டும் மாறவில்லை.

ஆன்ட்டி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. காலைத்தான் பார்த்தார். கணுக்கால் எலும்பின் நுனியை விரலால் அழுத்தினார். நான் கத்தினேன்.

"நாலு எட்டு நடந்து காட்டு."

இரண்டாவது எட்டிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"படம் எடுத்தாச்சாக்கா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"எதுக்குக்கா படம்? வெறும் சுளுக்குதானே. நீங்க ஒரு தடவ நீவி விட்டீங்கன்னா..."

"ஐயையோ!" ஆன்ட்டி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். முகத்தில் அப்படியொரு கிலி. "உள்ள எலும்பு உட்டுகீதா இல்லியான்னு தெரியாம ரெட்டப்புள்ள பெத்தவ நீவி உட்டுட்டா, அந்த ஒடசலு அவ பெத்ததுங்க மேல எறங்கிடும்கா. எங்க வழக்கத்துல படம் பாக்காம நீவவே மாட்டோம்."

"அப்படியா?"

"எங்க கொள்ளுப்பாட்டி காலத்துலேந்து."

கொள்ளுப்பாட்டி காலத்தில் எக்ஸ்ரே எங்கே இருந்தது என்று அம்மா கேட்கவில்லை. என் காலுக்காக ஆஸ்பத்திரி போக யோசித்தவர், அடுத்தவர் பிள்ளைகளுக்காக உடனே ஆட்டோ பிடித்தார்.

நல்லவேளை, எலும்பு உடையவில்லை, தசைநார்தான். படத்தோடு திரும்பிப் போனோம். ஆன்ட்டி எண்ணெயில் ஒரு விரலை நனைத்து, கணுக்காலில் இல்லை, முழங்காலில் ஒரு பொட்டு வைத்தார். அவ்வளவுதான் வைத்தியம். பிறகு பத்தியம் ஆரம்பித்தது.

"தைலம் ஆவாது. சூடு ஒத்தடம் ஆவாது. யாரும் நீவக் கூடாது, நான் உட்பட. ஐஸ துணில சுத்தி கொஞ்ச நேரம் வெக்கணும், எடுக்கணும், மறுபடி வெக்கணும். படுக்கறப்போ காலுக்குக் கீய ரெண்டு தலகாணி. ஒண்ணு என் பையன் பேர்ல, ஒண்ணு என் பொண்ணு பேர்ல."

"ஒண்ணு போதாதாக்கா? எங்க வீட்ல ஆளுக்கு ஒண்ணுதான் இருக்கு."

"ஒண்ணே ஒண்ணு வெச்சா இன்னொரு புள்ள கோச்சிக்கும்."

என் கால் குணமாகும்வரை அப்பா தலையணை இல்லாமல் தூங்கினார்.

வீக்கம் வடிந்ததும் அடுத்த கட்டளை வந்தது. கால் பெருவிரலால் காற்றில் உயிரெழுத்து எழுத வேண்டும், 'அ'வில் தொடங்கி ஆய்த எழுத்துவரை, காலையும் மாலையும். அம்மா எதிரில் உட்கார்ந்து ஆசிரியை மாதிரி கண்காணித்தார். "ஈ சரியா வரல, இன்னொரு தடவ போடு" என்பார். அந்த மாதம் என் பெருவிரல் 'ஔ' என்ற எழுத்தை என் கையைவிட அழகாக எழுதியது. அதற்கும் பிறகு, பல் விளக்கும்போது பிசகின காலில் மட்டும் நிற்க வேண்டும், கிழக்கே பார்த்து. தடுமாறிக் கால் ஊன்றினால் மறுபடி முதலிலிருந்து.

இது எனக்கு மட்டுமான சாங்கியம் இல்லை. காலையில் எங்கள் குடியிருப்பின் பால்கனிகளைக் கீழேயிருந்து பார்த்தால், மாடிக்கு ஒருவராவது வாயில் பிரஷ்ஷோடு ஒற்றைக்காலில் நிற்பார். பக்கத்து ஏரிக்கு வருகிற கொக்குகள் வழி தவறி வந்துவிட்டன என்று வாட்ச்மேன் தாத்தா சொல்லிச் சிரிப்பார்.

ஆன்ட்டிக்கு மனிதர்கள் கால்களாகத்தான் ஞாபகம் இருந்தார்கள். "யாரு, அந்த வலது குதிகாலு தூக்கி நடக்குமே, அதுவா?" என்பார். மாடியிலிருந்து துணி காயப்போடும்போது, கீழே நாங்கள் பயிற்சி முடிந்து வருவதைப் பார்ப்பார். யார் மேலாவது சந்தேகம் வந்தால் ஒரு துணிக் கிளிப்பைக் கீழே போட்டு, "எடுத்துகினு வாடி கண்ணு" என்று கத்துவார். குனிந்து எடுத்தால் தீர்ந்தது. எந்த முட்டியை மடக்கினோம், எதை மடக்காமல் ஏமாற்றினோம் என்று மேலேயே முடிவு செய்துவிடுவார். நாங்கள் மாடி ஏறுவதற்குள் ஐஸ் தயாராக இருக்கும்.

தொழில் அவர் நாக்கிலும் ஒட்டியிருந்தது. பிறந்தநாள் விழாவில் அவர் கையில் போனைக் கொடுத்துப் போட்டோ எடுக்கச் சொன்னால், "ஆடாத நில்லு. மூச்ச இழு. புடி... புடிச்சிக்கோ..." என்பார். எங்கள் குடியிருப்பில் அவர் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் மொத்தக் குடும்பமும் கன்னம் உப்பி, கண் பிதுங்கி, கேக்குக்குப் பின்னால் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்.

அவருடைய சாங்கியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது பாய் வீட்டுப் பையனுக்குச் சொன்னது. பூந்தமல்லியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பாய், யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, வேகப்பந்து போடும் மகனை ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கூட்டி வந்தார். பையனுக்கு இடுப்புக்கு மேலே முதுகு வலி. படம் எடுத்தாயிற்று, டாக்டரும் பார்த்து, பந்து போடுவதைக் குறைக்கச் சொல்லிவிட்டார். பையன் குறைக்கவில்லை. நான் அப்போது ஹரிணியோடு கூடத்தில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தேன்.

"எத்தினி டீமுக்குடா போடற?" என்று ஆன்ட்டி கேட்டார்.

"ஸ்கூலுக்கு ஆன்ட்டி. அப்புறம் அகாடமிக்கு. அப்புறம் ஏரியா டீமுக்கு."

"அப்போ தெனமும் போடற."

பையன் பெருமையாகத் தலையாட்டினான். பாய் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அக்கா, எங்க ஆளுங்களுக்கு இந்தச் சாங்கியம் செல்லுமா?"

"முதுகு எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் பாய் படத்துல உய்து. ஆனா ஒண்ணு, எல்லாரையும் அனுசரிச்சிப் போவணும். வெள்ளிக்கெயம உங்களுக்கு. செவ்வாக்கெயம எங்க அம்மனுக்கு. ஞாயித்துக்கெயம கீய் ஊட்டு ஸ்டெல்லாம்மா சர்ச்சுக்குப் போவுது, அவங்க மன்சும் நோவக் கூடாது. இந்த நாளுங்கள்ல பையன் பந்தக் கையால தொடக் கூடாது. தொட்டா நான் சொல்றது எதுவும் செல்லாது."

பாய் கண் கலங்கிவிட்டார். "இப்படி எல்லாரையும் மதிக்கிற சாங்கியத்த நான் கேட்டதே இல்லக்கா."

"வாப்பா, ஞாயித்துக்கெழமதான் மேட்சே..."

"வாய மூடுடா. உனக்கு மேட்ச் முக்கியமா, ஊர் ஒத்துமை முக்கியமா?"

அவர்கள் போனதும் ஹரிணி பொரியைத் துப்பிச் சிரித்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். பிறந்ததிலிருந்து ஐஸ் தட்டை ஏந்திக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் நிற்கிறவள். எங்களிடமும் சொல்வாள். "எங்கம்மா ஒரு கத ஃபேக்டரிடி. எல்லாம் ரீலு." எங்கள் அணியில் ஒருத்தியும் அதை நம்பவில்லை. அம்மாவின் சக்தியை மகள் உணர்வதில்லை என்று அவளுக்காக வருத்தப்பட்டோம்.

எனக்குச் சந்தேகம் வந்தது திசையால். மேல்மாடி வாலிபால்காரிக்கு மேற்கே பார்த்து ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லியிருந்தார். எனக்குக் கிழக்கு. நேராகச் சமையலறைக்குப் போய்க் கேட்டேன்.

"ஆன்ட்டி, கெழக்கா, மேற்கா?"

ஆன்ட்டி ஃப்ரீசரில் டம்ளர் டம்ளராகத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். சாயங்கால ஐஸுக்கு. திரும்பாமலே சொன்னார். "அவ ஊட்டு பால்கனி மேக்கால கீதுடி."

"அப்போ எல்லாமே..."

"பின்ன? தலகாணிக்கும் என் புள்ளைங்களுக்கும் இன்னா சம்மந்தம்? காலு ஒசரத்துல இருந்தா வீக்கம் வடியும். ஒண்ண வெச்சா ஒசரம் பத்தாது."

"இத நேரா சொல்லலாமே ஆன்ட்டி."

"சொன்னேன். மொதல்ல நேராத்தான் சொல்லிகினு இருந்தேன்." டம்ளரை வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தார். "ஒரு பையன் மணிக்கட்டு வீங்கி வந்தான். எனுக்கு இதெல்லாம் தெரியாதுப்பா, போயி படம் எடு, மாவுக்கட்டு போட வேண்டி வரும்னு சொன்னேன். அவங்கம்மா, உனுக்கு ரொம்பத் திமிருன்னுட்டு, மாங்காட்டாண்ட வேற ஒரு ரெட்டப்புள்ளக்காரியாண்ட இட்டுகினு போச்சி. அந்தம்மா பாவம், நல்ல மன்சோட, கை வலிக்க வலிக்க நீவி உட்டுகீது. ஒடஞ்ச எலும்பு. இன்னிக்கும் அந்தப் புள்ளைக்கி கை கோணலாத்தான் கீது. பஸ்ல பாக்கறப்போ எல்லாம் அக்கான்னு அந்தக் கையாலதான் டாட்டா காட்றான்."

ஆன்ட்டி அடுத்த டம்ளரை எடுத்துத் தண்ணீர் பிடித்தார்.

"பொய் சொல்றோமேன்னு இருக்காதா ஆன்ட்டி?"

"இருக்கும். இன்னிக்கி என் பொய்ய நம்புறவங்க நாளைக்கி இன்னொருத்தன் பொய்யையும் நம்புவாங்க இல்ல? அதுவும் தெர்து. ஆனா நாளைக்கி வர்றத நாளைக்கிப் பாக்கலாம். இன்னிக்கி வாசல்ல நொண்டிகினு நிக்கிதே, அத இன்னா பண்ண?"

நான் இப்போது பிசியோதெரபி முதலாமாண்டு படிக்கிறேன். கணுக்கால் சுளுக்குப் பாடம் நடந்த அன்று விரிவுரையாளர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, எனக்கு எல்லாம் ஏற்கெனவே தெரிந்திருந்தது, இரண்டு தலையணை உட்பட. காரணங்கள்தான் புதிதாக இருந்தன.

இத்தனை பேரைக் கட்டிப்போட்ட ஆன்ட்டியால் கட்டிப்போட முடியாத ஒரே ஆள் ஹரிணி. அதுதான் வினையாகப் போனது.

ஹரிணி எங்கள் அணியின் ரைடர். பாடிக்கொண்டு எதிர்க்கோட்டுக்குள் போனால், போன வேகத்திலேயே இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வருகிற வகை. ஒன்பதாம் வகுப்பில் மாவட்ட அணிக்கான தேர்வு வந்தது. அணிகளை ஆடவிட்டுப் பார்த்து ஆள் எடுப்பார்கள். அவளை எடுக்காமல் யாரை எடுப்பார்கள் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். தேர்வுக்கு முந்தைய வாரம், பயிற்சிக்கு நேரமாகிவிட்டது என்று வந்தவுடனே ஆட்டத்தில் இறங்கினோம். உடம்பு சூடாகவில்லை. ஹரிணி திரும்பிக் குதித்தபோது இடது கால் உள்பக்கமாக மடங்கியது. சத்தம் எனக்குக் கேட்டது.

படம் எடுத்தது ஆன்ட்டியேதான். மகள் காலை மேசையில் வைத்து, மூச்சை நிறுத்தச் சொல்லாமல், தன் மூச்சை நிறுத்திக்கொண்டு எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். கணுக்கால் எலும்பின் நுனியில், வளர்கிற பட்டை இருக்கும் இடத்தில், மெல்லிய விரிசல். டாக்டர் கழற்றி மாட்டுகிற கட்டு ஒன்று போட்டார். அந்தக் காலை ஊன்றவே கூடாது, ஒன்றரை மாதம் ஆகும் என்றார்.

அன்று மாலை நான் போனபோது ரணகளம்.

"வளர்ற எலும்புடி அது. அங்க கெட்டுச்சினா ஒரு காலு வளரும், ஒரு காலு வளராது. இல்ல, கோணிக்கும். அப்புறம் கபடியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"ஊர்ல எல்லாருக்கும் உடுற மாதிரி எனக்கும் உடாத."

"இது நெசம்டி!"

"பாயாண்டையும் இதே மூஞ்ச வெச்சிகினுதான் சொன்ன."

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். சாட்சி சொல்லக் கூப்பிடுகிற பார்வை. "நெசம்தான்டி" என்றேன். "நீ அம்மா கட்சி" என்றாள் ஹரிணி. "எனக்கு வலிக்கவே இல்ல. டேப்பு சுத்திகினு ஆடுவேன். செலக்‌ஷன் முடிஞ்சதும் ஒன்றர மாசம் இன்னா, ஒன்றர வருசம் கூட படுத்துக்கறேன்." வார்த்தைக்கு வார்த்தை அம்மாவின் குரல்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை. ஆன்ட்டிக்கு அன்று டியூட்டி. லீவு கிடைக்கவில்லை. மகளைப் பார்த்துக்கொள்ளும்படி கணவரிடம் சொல்லிவிட்டுப் போனார். அங்கிள் நன்றாகப் பார்த்துக்கொண்டார். மகள் அழுததையும் பார்த்தார், மனம் இளகி அவளைப் பைக்கில் வைத்து மைதானத்துக்கே கொண்டுவந்து சேர்த்தார். கட்டு வீட்டில் இருந்தது. கணுக்காலில் ஏதோ வீடியோவைப் பார்த்துச் சுற்றிய டேப், அதற்கு மேல் சாக்ஸ். அவள் இறங்கி நடந்த அழகைப் பார்த்தேன். நானே ஆன்ட்டிக்குப் போன் செய்தேன்.

எங்கள் ஆட்டத்துக்கு இன்னும் ஓர் ஆட்டம் பாக்கி இருந்தபோது ஆன்ட்டி வந்துவிட்டார். யாரிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாரோ, மருத்துவமனையின் வெள்ளைக் கோட்டோடு, ஆட்டோவிலிருந்து குதித்து வந்தார். அவரைப் பார்த்ததும் அங்கிள் பைக்கைவிட்டு இறங்காமலே இருந்துவிட்டார், ஸ்டாண்டும் போடவில்லை.

ஆன்ட்டி நேராகக் கோச் அண்ணனிடம் போனார். என் நினைவில் அவர் எந்தச் சாங்கியமும் கலக்காமல் வெளியாள் ஒருவரிடம் பேசியது அன்றுதான்.

"அண்ணாத்தே, இவ கால்ல எலும்பு விரிசல். படம் எங்கிட்ட கீது. ஆடுனா பெருசாயிடும். வளர்ற எடம் அது. எறக்காதீங்க."

கோச் அண்ணன் சிரித்தார். "தபாரும்மா, நீ தாயி, உனுக்கு பயமாத்தான் இருக்கும். எனுக்கு இந்த முட்டி எத்தினி வாட்டி போய்கீது தெர்மா? வலி மன்சுலதான். புள்ள நல்லா நிக்கிது பாரு. எய்தி வெச்ச சான்ஸு, அத நீயே கெடுப்பியா?"

"ஒரு நாள்தானம்மா" என்றார் அங்கிள், பைக் மேலிருந்து.

"எனக்கு வலிக்கல" என்றாள் ஹரிணி, வலது காலில் நின்றபடி.

ஆன்ட்டி ஹரிணியின் கையைப் பிடித்தார், விட்டார். அவரால் மகளை அன்று இழுத்துக்கொண்டு போய்விட முடியும். ஆனால் அடுத்த ஞாயிறும் தேர்வு இருந்தது, ஹரிணி அடுத்த ஞாயிறும் வருவாள், அங்கிள் அடுத்த ஞாயிறும் இளகுவார். அவரிடம் இருந்ததெல்லாம் உண்மை. அதைச் சொல்லியாகிவிட்டது, அது அங்கே யாரையும் அசைக்கவில்லை. ஊருக்கெல்லாம் வாய் ஓயாமல் கட்டியவருக்கு, தன் பிள்ளைக்கு ஒன்றும் வரவில்லை. கைகள் மட்டும் கோட்டுப் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தன.

முந்தைய ஆட்டம் முடிந்து விசில் அடித்தது. எங்கள் அணியைக் கூப்பிட்டார்கள்.

"கோச்சண்ணா" என்றேன். "ஆன்ட்டி உண்மைய சொல்லல."

எல்லோரும் திரும்பினார்கள். ஆன்ட்டியும்.

"விரிசல்னு சும்மா சொல்றாங்க. மேட்டர் வேற. நீங்க பயந்துடுவீங்கன்னு மறைக்கறாங்க." எனக்கே அடுத்த வரி என்னவென்று தெரியாது. வாய் தானாகப் போனது. "ரெட்டையா பொறந்த பொண்ணு கால் பிசகி, அது ஆறாம ஆட்டத்துல எறங்கினா, அந்தப் பிசகும் ரெட்டையாயிடுமாம். ஒண்ணு அவளுக்கு. இன்னொண்ணு, யாரு அவள எறக்கி விட்டாங்களோ அவங்களுக்கு."

கோச் அண்ணனின் பார்வை மெல்லக் கீழிறங்கித் தன் கணுக்காலுக்குப் போனது.

"நான் கொண்டாந்துதான் உட்டேன்" என்றார் அங்கிள் அவசரமாக. "எறக்கல."

"புளுகுறா அண்ணா!" ஹரிணி அலறினாள். "இப்பதான், உங்க கண்ணு முன்னாடி கட்டறா! எங்கம்மா கட்ற கதையெல்லாம் இப்டித்தான்!"

"வாய்ல போட்டுக்கோ" என்றார் கோச் அண்ணன். "பெத்தவங்கள அப்டிப் பேசாத." பிறகு குரலைத் தாழ்த்தி ஆன்ட்டியிடம், "இந்தப் பொண்ணு சொல்றது மெய்யாம்மா?"

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு அந்தப் பழைய கிலியை முகத்துக்கு வரவழைத்துக்கொண்டார்.

"சொல்ல வேணாம்னுதான் இருந்தேன் அண்ணாத்தே."

"எந்தக் காலும்மா?"

"அதச் சொல்ல முடியாது. சில பேருக்கு ரெண்டும் ஒண்ணா போவும்."

"அண்ணா, வேணாம்ணா" என்று எங்கள் அணியே கோரஸ் பாடியது. கோச் அண்ணன் ஏற்கெனவே மேசைக்குப் போய் ஹரிணியின் பெயரை எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார், ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்து.

ஹரிணி கோட்டுக்கு வெளியே மண்ணில் தொப்பென்று உட்கார்ந்து அழுதாள். சத்தம் போட்டு, மூக்கொழுக, யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல். ஆன்ட்டி வெள்ளைக் கோட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ஹரிணி அவர் தோளில் குத்தினாள். அவர் சாக்ஸைக் கழற்றினார். மறுபடி குத்தினாள். அவர் டேப்பைச் சுற்றுச் சுற்றாக உரித்தார். உள்ளே கால் இட்லி மாதிரி உப்பி, ஓரத்தில் நாவல்பழ நிறமாக இருந்தது.

"வலிக்கிதாடி?"

"இல்ல."

கடைசிச் சுற்று வந்துவிட்டது.

"இப்போ?"

ஹரிணி புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "முந்தாநாள்லேந்து உயிர் போவுதும்மா."

ஆன்ட்டி உரித்த டேப்பைச் சுருட்டிக் கோட்டுப் பையில் போட்டார்.

கோச் அண்ணன் எச்சரிக்கையான தூரத்தில் வந்து நின்றார். "அம்மா, கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காத. எறக்கலாம்னு மன்சுல நெனச்சிட்டேன் இல்ல? அதுக்கு எனுக்கு ஏதாச்சும் பரிகாரம்..."

"கீது" என்றார் ஆன்ட்டி, காலிலிருந்து கண்ணை எடுக்காமல். "இனிமே எவளையும் ஒடம்பு சூடாவாம ஆட்டத்துல உடாத. மொதல்ல மெதுவா ஓட்டம், அப்புறம் கையி காலு நீட்டி மடக்கி, அப்புறம்தான் ஆட்டம். நீயும் கூட ஓடணும். ஒரு நாளு உட்டாலும் செல்லாது."

கோச் அண்ணன் மரத்தடியில் உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்துக் கை தட்டினார். "ஏய், எல்லாம் எய்ந்திரிங்க. மெதுவா, மெதுவா." ஆட்டக் கோட்டுக்கு வெளியே சுற்றி ஓட ஆரம்பித்தோம். எங்களுக்கு முன்னால் அவர், தொப்பை குலுங்க, இரண்டு கால்களையும் முட்டைமேல் வைப்பதுபோல வைத்து ஓடினார். முதல் சுற்றில் நான் கடந்தபோது ஹரிணி "துரோகி!" என்று கத்தினாள். இரண்டாவது சுற்றிலும் கத்தத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் கோச் அண்ணன் அவளைக் கடந்தார். அவளுக்கு அழுகையின் நடுவிலேயே சிரிப்பு பீறிட்டுவிட்டது. அங்கிளும் சிரித்தார்.

ஆன்ட்டி சிரிக்கவில்லை. மடியிலிருந்த அந்தக் காலை, யாராவது வந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.